கையில் இருந்தபோது வந்த அறிவிப்பு அடுத்த அறையிலிருந்து வரவில்லை

நான் வீட்டில் இருந்தபடியே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். கைபேசி மேசைமேல் இருந்தால் ஒரு பத்தி முடிப்பதற்குள் நான்கு முறை அதை எடுத்துப் பார்த்துவிடுவேன் என்பதால், காலையில் வேலையைத் தொடங்கும்போதே அதன் ஒலியை அடக்கி, அடுத்த அறையில் சார்ஜரில் போட்டுவிட்டு வருவதை ஒரு வழக்கமாக வைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, நான் அப்போது எடுத்திருந்த வேலையைக் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது: நேற்று அனுப்பிய கோப்பு பழைய பதிப்பு, அதைத் தொட வேண்டாம், புதியது பின்னால் வரும். இரவு போனை எடுத்தபோது குடும்பக் குழுவின் அறுபத்துச் சொச்சம் செய்திகளுக்கு அடியில் அது புதைந்து கிடந்தது. நான் கவனிக்கவில்லை. புதனும் வியாழனும் அதே பழைய கோப்பிலேயே உழைத்து, வியாழன் மாலை முடித்து அனுப்பிய பிறகுதான், "இதை நிறுத்தச் சொல்லிச் செவ்வாயன்றே எழுதியிருந்தோமே" என்று பதில் வந்தது. மூன்று நாள் உழைப்புக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அவர்கள்மேல் குறை சொல்லவும் வழியில்லை. புதிய கோப்பை அதே கெடுவுக்குள் முடிப்பதற்காக இரண்டு இரவுகள் விழித்திருந்தேன்.

அன்றிரவே, கைபேசிக்கு வரும் அறிவிப்புகள் என் கணினித் திரையிலும் வரும்படி செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். அது ஏறக்குறைய ஐந்து வாரம் இழுத்தது. இடையில் தேவையே இல்லாத ஒரு சேவைக்கு ஓராண்டுச் சந்தாவும் கட்டினேன். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்த திரையில் என் சொந்த விஷயம் ஒன்று வெளிப்பட்டது. தொழில்நுட்பம் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்து, "எங்கெங்கே அடைத்துக்கொள்ளும் என்பதை முதலில் பார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஆண்ட்ராய்டு கைபேசியும் விண்டோஸ் 11 கணினியும். ஆகவே முதலில் எடுத்தது, கைபேசியைக் கணினியோடு இணைக்க விண்டோஸுடனேயே வரும் ஃபோன் லிங்க் என்ற செயலி. கைபேசியில் அதற்குத் துணையான லிங்க் டு விண்டோஸ் என்ற செயலியை நிறுவி, கணினித் திரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டைக் கேமராவால் காட்டி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் இரண்டும் இணைந்துவிடும். அதன் பிறகு கைபேசியின் செட்டிங்ஸில் "நோட்டிஃபிகேஷன் ஆக்ஸஸ்" என்ற இடத்துக்குப் போய் இந்தச் செயலிக்கு அனுமதி தர வேண்டும். ஒரு செயலி மற்றச் செயலிகளின் அறிவிப்புகளைப் படிக்கும் வசதி ஆண்ட்ராய்டில் 2013இல், 4.3 பதிப்பில் வந்தது. கணினிக்கு அறிவிப்பு அனுப்பும் எல்லாச் செயலிகளும் இந்த ஒரே கதவின் வழியாகத்தான் உள்ளே வருகின்றன. நான் அனுமதி கொடுத்தேன், வீட்டிலிருந்த இன்னொரு போனிலிருந்து எனக்கே ஒரு செய்தி அனுப்பினேன், கணினியின் வலது கீழ் மூலையில் அது எட்டிப் பார்த்தது. நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டாத குறைதான். அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மாலை போனைக் கையில் எடுத்த மறுகணம், கணினியில் ஒரே நேரத்தில் பதினேழு அறிவிப்புகள் பொலபொலவென்று கொட்டின.

அந்தக் காட்சியை நான் அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். போனைத் தொட்டவுடன் வருகிறது, தொடாதபோது வரவில்லை என்றால் கோளாறு போன் தூங்கும் நேரத்தில்தான் இருக்கிறது என்று அது தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் யோசிக்காமல், செயலி சரியில்லை என்று தீர்மானித்து அடுத்தடுத்து வேறு இரண்டை நிறுவினேன். பழையவற்றை நீக்கவும் இல்லை. விளைவாக, ஒவ்வொரு செய்தியும் கையில் போன் இருக்கும்போது மூன்று முறை வந்தது. போன் அடுத்த அறையில் இருக்கும்போது ஒரு முறைகூட வரவில்லை. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளை வைத்துச் சோதிக்காதீர்கள். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதே குழம்பிப்போகும், பேட்டரியும் கரையும்.

இரண்டாவது வாரம் பொறுமை தீர்ந்து, இணையத்தின் வழியாக அறிவிப்புகளைக் கொண்டுவரும் ஒரு சேவைக்குச் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம், அந்தச் சேவையின்மேல் தவறு இல்லை என்பது இப்போது தெரியும். காசு கொடுத்தால் ஒழுங்காக வேலை செய்யும் என்பது என் எண்ணம். இலவச அளவு தீர்ந்துவிடும் முன்பே, மாதச் சந்தாவைவிட ஆண்டுச் சந்தா மலிவு என்ற கணக்கில் ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டிவிட்டேன். கட்டிய மறுநாளும் பழைய கதைதான் நடந்தது, ஏனென்றால் அந்தச் செயலியும் என் போனுக்குள் இருந்துகொண்டுதான் அறிவிப்புகளை எடுத்து அனுப்ப வேண்டும், என் போன் அதையும் மற்றவற்றைப் போலவே தூங்க வைத்தது. பணத்தைத் திரும்பக் கேட்கும் காலம் முடிந்த பிறகுதான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். பணம் கட்டுவதாக இருந்தால், கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

அந்தச் சந்தா இன்னொரு விஷயத்தையும் எனக்குப் புரியவைத்தது. அதன் வலைப்பக்கத்தைத் திறந்து பார்த்தபோது, வங்கியிலிருந்து வந்த இருப்புத் தொகைச் செய்தி முதல் என் தங்கை அனுப்பிய புலம்பல்வரை எல்லாம் வரிசையாக அங்கே நின்றன. நோட்டிஃபிகேஷன் ஆக்ஸஸ் என்ற அந்த ஒற்றைப் பொத்தானை அழுத்தும்போது, போனுக்கு வரும் எல்லாவற்றையும் படிக்கும் உரிமையை ஒரு செயலிக்குக் கொடுக்கிறோம் என்று எச்சரிக்கைப் பெட்டி ஒன்று சொல்லத்தான் செய்கிறது. நான் அதைப் படிக்காமல் தாண்டி வந்தவன். வெளி சர்வர் வழியாகப் போகும் சேவையை எடுப்பதாக இருந்தால், முனையிலிருந்து முனைவரை மறையாக்கம் (நடுவில் இருக்கும் சர்வர்கூடப் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது) இருக்கிறதா, அது தானாகவே இயங்குகிறதா, இல்லை நாமே இரு பக்கமும் ஒரு கடவுச்சொல் கொடுத்து இயக்க வேண்டுமா என்று பாருங்கள். என் விஷயத்தில் அது இரண்டாவது வகை. மூன்று வாரம் அந்த வசதி மூடியே கிடந்திருக்கிறது.

போன் தூங்கும் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பில், 2015இல், டோஸ் என்ற ஏற்பாடு வந்தது. போன் சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் சற்று நேரம் கிடந்தால், பின்னணியில் ஓடும் செயலிகள் இணையத்தைத் தொடாதபடி அது தடுத்துவிட்டு, இடையிடையே மட்டும் கொஞ்ச நேரம் திறந்துவிடும். 2018இல் வந்த 9ஆம் பதிப்பு, அதிகம் திறக்கப்படாத செயலிகளை இன்னும் பின்வரிசைக்குத் தள்ளத் தொடங்கியது. அறிவிப்பு அனுப்பும் செயலியை நாம் ஒருமுறை நிறுவிவிட்டுத் திறந்தே பார்ப்பதில்லை அல்லவா? போனின் கண்ணில் அது யாரும் பயன்படுத்தாத செயலி. என் போனோ சார்ஜரிலேயே கிடந்தது, ஆகவே டோஸ் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்று எனக்கு ஒரு குழப்பம். போன் தயாரிப்பாளர்கள் பலர் இவற்றுக்கு மேலாகத் தங்கள் சொந்தப் பேட்டரிச் சேமிப்பு ஏற்பாட்டையும் வைத்திருக்கிறார்கள். என் போனில் அது சார்ஜரில் இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்காமல், திரை அணைந்து சற்று நேரத்தில் பின்னணிச் செயலிகளைச் சாத்திவிடும் வகையாக இருந்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: செட்டிங்ஸில் அந்தச் செயலியின் விவரப் பக்கத்துக்குப் போய், பேட்டரி என்ற இடத்தில் "ஆப்டிமைஸ்டு" என்று இருப்பதை "அன்ரெஸ்ட்ரிக்டட்" என்று மாற்ற வேண்டும். சில போன்களில் "ஆட்டோ ஸ்டார்ட்" என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும். அதிலும் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் போனை அணைத்துப் போட்டவுடன் செயலி எழுந்திருக்காது. அண்மையில் திறந்தவை வரிசையில் செயலியின் அட்டைமேல் பூட்டுக் குறி போடும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடலாம். எல்லாச் செயலிகளையும் ஒரே தள்ளில் மூடிவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. பேட்டரிக்கு நல்லது என்று யாரோ எப்போதோ சொன்னதை நம்பி வளர்த்துக்கொண்ட பழக்கம். சில போன்களில் அந்தத் தள்ளே அறிவிப்புச் செயலியையும் கொன்றுவிடும்.

இதைச் சரிசெய்த பிறகு ஒரு புதிய யோசனை வந்தது. என் சொந்தச் செய்திகள் ஏன் வெளி சர்வர் வழியாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், இரண்டு கருவிகளும் ஒரே வீட்டில்தானே இருக்கின்றன? அப்படித் தேடி வந்து சேர்ந்தது கேடிஇ கனெக்ட். 2013இல் தொடங்கிய திறமூலச் செயலி, அதாவது அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம். லினக்ஸ் இயங்குதளத்துக்காகப் பிறந்து, இன்று விண்டோஸிலும் மேக்கிலும் ஓடுகிறது. இலவசம், கணக்கு எதுவும் திறக்க வேண்டாம், வீட்டு வைஃபைக்குள்ளேயே மறையாக்கம் செய்து அனுப்பிவிடுகிறது. கணினியில் நிறுவினேன், போனில் நிறுவினேன். இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. அணைத்துப் போட்டேன், நீக்கி மறுபடி நிறுவினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. சாப்பிடக்கூட எழுந்திருக்காமல், "சாதனங்கள் எதுவும் இல்லை" என்ற அந்த ஒரு வரியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெட்வொர்க் வேலையில் இருக்கும் நண்பனுக்கு மாலையில் போன் செய்தேன். நான் அரை மணி நேரமாகச் சொன்ன புராணத்தைக் கேட்டுவிட்டு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "உன் போன் எந்த வைஃபையில இருக்குடா?" பார்த்தால், போன் விருந்தினர் வைஃபையில் இருந்தது. எப்போதோ பிரதான இணைப்பு படுத்தியபோது மாற்றியது, அப்படியே கிடந்திருக்கிறது. விருந்தினர் இணைப்பு என்பதே, வந்தவருக்கு இணையம் மட்டும் கொடுத்து, வீட்டின் மற்றக் கருவிகள் அவர் கண்ணில் படாமல் மறைப்பதற்காகத்தான். விடுதி, அலுவலகம் போன்ற இடங்களின் பொது வைஃபையிலும் இப்படி ஒரு கருவி மற்றொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள்; அங்கே இந்த வகைச் செயலி உதவாது, இணையம் வழி வருவதுதான் உதவும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் என்று இரண்டு பெயரில் வீட்டு வைஃபை இருந்தால் அதைப் பற்றிப் பெரும்பாலும் கவலை வேண்டாம், இரண்டும் ஒரே வலைக்குள்தான் வழக்கமாக இருக்கும். போனில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் ஏற்பாடு) ஓடிக்கொண்டிருந்தாலும் இதே போல் பார்க்க முடியாமல் போகலாம் என்று நண்பன் சொன்னதால் அதையும் அணைத்துச் சோதித்தேன். எனக்கு அது காரணமாக இல்லை.

வைஃபையை மாற்றிய பிறகு போனிலிருந்து கணினி தெரிந்தது, ஆனால் இணைக்க முயன்றால் நின்றுவிட்டது. இது விண்டோஸின் ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் தொடர்புகளை வடிகட்டும் காவல் ஏற்பாடு, செய்த வேலை. நான் வீட்டு வைஃபையை முதன்முதலில் இணைத்தபோது அது பொது வலை என்ற வகையில் பதிவாகியிருந்தது. பொது வலையில் வெளியிலிருந்து வரும் தொடர்புகளை விண்டோஸ் எளிதில் உள்ளே விடாது. நெட்வொர்க் செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பண்புகளுக்குள் போய் "பப்ளிக்" என்பதைப் "ப்ரைவேட்" என்று மாற்றி, ஃபயர்வாலில் கேடிஇ கனெக்டுக்கு அனுமதி கொடுத்தேன். அது பயன்படுத்துவது 1714 முதல் 1764 வரை எண்ணுள்ள போர்ட்கள் (தரவு கணினிக்குள் நுழையும் வாயில்கள்), டிசிபி, யுடிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளுக்கும். உங்கள் சொந்த வீட்டு வைஃபைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். வெளியிடங்களில் இணைக்கும் வைஃபையை ஒருபோதும் ப்ரைவேட் ஆக்காதீர்கள். இணைக்கும்போது இரண்டு திரையிலும் ஒரு சரிபார்ப்புக் குறியீடு தோன்றும், இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். அப்படியும் கருவி தெரியாவிட்டால், வலையில் கணினியை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரியைப் போனில் கையால் சேர்க்கும் வசதியும் உண்டு.

கேடிஇ கனெக்டைப் ப்ளே ஸ்டோரில் எடுக்காமல் கோப்பாக இறக்கி நிறுவுகிறவர்கள் இன்னொரு இடத்தில் முட்டிக்கொள்ளக்கூடும், நானும் முட்டிக்கொண்டேன். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், இப்படி நிறுவிய செயலிக்கு நோட்டிஃபிகேஷன் ஆக்ஸஸ் கொடுக்கப் போனால் பொத்தான் மங்கி நின்று, பாதுகாப்புக்காகத் தடுக்கப்பட்டுள்ளது என்று சொல்லும். அந்தத் தடையை ஒருமுறை சந்தித்துவிட்டு, செயலியின் விவரப் பக்கத்துக்குப் போனால் மேல் மூலையில் மூன்று புள்ளி தெரியும்; அதற்குள் கட்டுப்படுத்திய அமைப்பை அனுமதிக்கும் தேர்வு இருக்கிறது. எதற்காக அந்தத் தடை என்பதையும் நினைவில் வையுங்கள். வங்கி அனுப்பும் கடவு எண்களை (ஓடிபி) திருடும் போலிச் செயலிகள் குறிவைப்பது இதே அனுமதியைத்தான். செயலி எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் திறந்துவிடுங்கள்.

நான்காவது வாரத் தொடக்கத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினேன். போனை அடுத்த அறையில் வைத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து, இன்னொரு போனிலிருந்து செய்தி அனுப்பிப் பார்த்தேன், வந்தது. மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் வந்தது. பிறகு வேலையில் உட்கார்ந்தேன். மதியம்வரை ஒன்றும் வரவில்லை. எழுந்து போய்ப் போனைப் பார்த்தால் ஐந்து செய்திகள் காத்திருந்தன. இந்தக் கட்டத்தில் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, ஒரு மாதிரி அவமானம். சோதித்தால் வருகிறது, வேலை செய்தால் வரவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? நண்பனிடம் மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது.

காரணத்தைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். கடிகாரத்தின் பக்கத்தில் இருக்கும் மணிக் குறியை ஒரு நாள் ஏதோ நினைவில் தட்டியபோது, வராமல்போனதாக நான் நினைத்த அத்தனை அறிவிப்புகளும் உள்ளே வரிசையாக அடுக்கியிருந்தன. அவை கணினிக்கு ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. திரையில் எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் மொழிபெயர்க்கும்போது கவனம் சிதறாமல் இருக்க எழுதும் மென்பொருளை முழுத்திரையாக வைத்துக்கொள்வேன். விண்டோஸில் "டு நாட் டிஸ்டர்ப்" என்ற ஏற்பாடு தானாகவே இயங்கத் தொடங்கும் சந்தர்ப்பங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது: திரையை இன்னொரு திரைக்குப் பிரதி எடுக்கும்போது, விளையாட்டு விளையாடும்போது, ஏதாவது ஒரு செயலி முழுத்திரையில் ஓடும்போது. சோதிக்கும்போதெல்லாம் நான் முழுத்திரையில் இருந்ததில்லை. வேலையில் உட்கார்ந்தால் அதிலேயே இருந்தேன். சிஸ்டம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்துக்குப் போய் முழுத்திரைக்கான அந்த ஒரு குறியை எடுத்ததும் நான்கு வாரப் போராட்டம் ஒரு சொடுக்கில் முடிந்தது. சிரித்தேனா அழுதேனா என்று சரியாக நினைவில்லை.

ஆகவே என் அனுபவத்தில் இந்த விஷயத்தில் சோதனை என்பது, போனைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி செய்வதாக இருக்கவே கூடாது. கையில் எடுத்த போன் விழித்திருக்கும் போன். அதில் எல்லாம் வேலை செய்யும். நீங்கள் உண்மையில் எப்படி வேலை செய்வீர்களோ அதே நிலையில், போன் பூட்டிய நிலையில், தூரத்தில், ஒரு மணி நேரமாவது யாரும் தொடாமல் கிடந்த பிறகு, கணினியில் வழக்கமாகத் திறந்திருக்கும் அதே சாளரம் அதே மாதிரி திறந்திருக்கும்போது, வேறொருவரை உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். வராவிட்டால் முதலில் கணினியின் மணிக் குறிக்குள் பாருங்கள். அங்கே இருந்தால் கோளாறு கணினியில். அங்கேயும் இல்லாவிட்டால் போய்ப் போனைத் தொடுங்கள். தொட்டவுடன் கணினிக்கு ஓடி வந்தால் கோளாறு பேட்டரிச் சேமிப்பில். தொட்ட பிறகும் வராவிட்டால் வைஃபை, ஃபயர்வால், அனுமதி என்று தேடுங்கள். இந்த வரிசை தெரிந்திருந்தால் எனக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்திருக்கும்.

எல்லாம் வரத் தொடங்கிய பிறகு, வருவதே தொல்லையானது. ஐந்தாவது வாரம், வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றுடன் காணொளிக் கூட்டம். சொற்பட்டியல் ஒன்றைக் காட்டுவதற்காக என் திரையைப் பகிர்ந்திருந்தேன். அந்தப் பக்க ஜன்னல்களில் ஆறு முகங்கள். வலது கீழ் மூலையில் என் அண்ணனின் பெயர் மெல்ல மேலேறி வந்து, "ரிப்போர்ட் வந்துடுச்சு. கட்டிதான். நீ பயப்படாதே, அம்மாகிட்ட சொல்லாதே" என்று நின்றது. சில நொடிகள்தான் நின்றிருக்கும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் ஒரு கணம் நிறுத்திவிட்டு, மறுபடி பேசினார். அந்தச் செய்தியை நான் வாசித்த இடமும் நேரமும் அதுதான் என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அண்ணன் இப்போது நலம்.

அன்று மாலையே, எந்தெந்தச் செயலிகளின் அறிவிப்புகள் கணினிக்கு வரலாம் என்ற பட்டியலைத் திறந்து உட்கார்ந்தேன். ஃபோன் லிங்கிலும் சரி, கேடிஇ கனெக்டிலும் சரி, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும் முடியும். நான் எல்லாவற்றையும் மூடிவிட்டு, தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி, வேலைக்கான அரட்டைச் செயலி என்று மூன்றை மட்டும் திறந்தேன். கேடிஇ கனெக்டில், அறிவிப்பு வந்திருக்கிறது என்பதை மட்டும் காட்டி உள்ளடக்கத்தை மறைக்கவும் ஒவ்வொரு செயலிக்கும் வழி இருக்கிறது. போன் திரை அணைந்திருக்கும்போது மட்டும் அனுப்பு என்ற ஒரு தேர்வும் உண்டு. போனைக் கையில் வைத்திருக்கும்போது இரட்டையாக வரும் தொல்லை அதனால் ஒழிந்தது. திரையைப் பகிரும் முன் டு நாட் டிஸ்டர்பைக் கையால் இயக்குவது இப்போது தண்ணீர்ப் புட்டியை எடுத்து வைப்பது போல ஒரு பழக்கமாகிவிட்டது. முழுத்திரையையும் பகிராமல் ஒரு சாளரத்தை மட்டும் பகிர்வது அதைவிட நல்லது.

கடவு எண்களைக் கணினியிலேயே பார்த்துத் தட்டச்சு செய்யலாம் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய வசதி என்று பலர் நினைப்பார்கள். 2024இல் வந்த ஆண்ட்ராய்டு 15 அதை மாற்றிவிட்டது. ஒருமுறைக் கடவு எண் போன்ற, பிறர் கண்ணில் படக் கூடாத தகவல் இருக்கும் அறிவிப்பை, நம்பகமானவை என்று அமைப்பு கருதாத செயலிகளுக்கு அது உள்ளடக்கத்தை மறைத்தே கொடுக்கிறது. கணினித் திரையில் "உள்ளடக்கம் மறைக்கப்பட்டுள்ளது" என்ற ஒரு வரி மட்டும் வந்து நிற்கும். அதை நான் முதலில் இன்னொரு கோளாறு என்று எண்ணி அரை நாள் தேடினேன். அறிவிப்பு அமைப்பில் "என்ஹான்ஸ்டு நோட்டிஃபிகேஷன்ஸ்" என்பதை அணைத்தால் இந்த மறைப்பும் நீங்கும், ஆனால் அப்போது எல்லாச் செயலிகளுக்கும் நீங்கிவிடும். கடவு எண்ணுக்கு மட்டும் எழுந்து போய்ப் போனைப் பார்ப்பது என்று விட்டுவிட்டேன்.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்குப் பாதை வேறு. அதில் ஒரு செயலி மற்றச் செயலியின் அறிவிப்பைப் படிக்கவே முடியாது, ஆகவே கேடிஇ கனெக்டின் ஐஃபோன் பதிப்பிலும் இந்த வசதி இல்லை. விண்டோஸின் ஃபோன் லிங்க் 2023 முதல் ஐஃபோனோடும் பேசுகிறது, ஆனால் ப்ளூடூத் வழியாக. இணைத்த பிறகு ஐஃபோனின் ப்ளூடூத் பட்டியலில் கணினியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தட்டி, அறிவிப்புகளைப் பகிரும் பொத்தான்களைத் திறக்க வேண்டும். ப்ளூடூத் என்பதால் இரண்டு சுவர் தாண்டி வைத்தால் அறுந்துபோகலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு 2024இல் வந்த மேக்ஓஎஸ் சிக்கோயாவும் ஐஓஎஸ் 18உம் சேர்ந்து ஐஃபோன் அறிவிப்புகளை நேரடியாகவே காட்டுகின்றன.

சில செயலிகளுக்கு இந்தச் சுற்றே தேவையில்லை என்பதையும் தாமதமாகத்தான் உணர்ந்தேன். வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவற்றுக்குக் கணினிக்கென்றே தனிச் செயலி இருக்கிறது. கூகுள் மெசேஜஸ் வைத்திருந்தால் குறுஞ்செய்தியையும் உலாவியிலேயே பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் நான்கு கருவிகள்வரை இணைக்கலாம், போன் தூங்கினாலும் அவை தனியாக இயங்கும். ஆனால் முதன்மைப் போனில் பதினான்கு நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். எனக்கு வேலை கொடுத்த நிறுவனம் எழுதியது குறுஞ்செய்தியில் என்பதால் நான் இந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் அந்த ஒரு தேவைக்கு அன்றே முடிந்திருக்கும்.

இப்போது என்னிடம் இருப்பது கேடிஇ கனெக்ட் மட்டும். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படாமல் நிறுத்திவிட்டேன். மற்றவற்றை நீக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் கொடுத்த நோட்டிஃபிகேஷன் ஆக்ஸஸைத் திரும்ப எடுத்துக்கொண்டேன், சேவையின் தளத்தில் என் கணக்கையும் அழித்தேன். கைபேசியில் பெரிய அப்டேட் வரும்போதெல்லாம் பேட்டரி அமைப்பு பழையபடி மாறியிருக்கிறதா என்று பார்க்கிறேன். இரண்டு முறை மாறியிருந்தது. காலையில் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேடிஇ கனெக்டில் போனை ஒலிக்கச் செய்யும் பொத்தானை ஒருமுறை அழுத்துவேன். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தால், எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்து வேலையைத் தொடங்குகிறேன்.